முந்நூற்றைம்பதில் நின்ற மனுஷன்

மகளைப் பெண் பார்க்க வருகிற நாளாகப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் அந்த முசீபத்துப் பிடித்த மெசினுக்கு வரம்பு வைத்தார். கட்டாரிலிருந்து மூத்தவன் இன்ஷாப் அனுப்பிய சாமான். காற்றில் காபனீரொட்சைட், அந்தக் கரியமில வாயு, எவ்வளவு என்று இலக்கம் காட்டும். வந்த நாள் முதல் பேசாமல் இலக்கம் காட்டிக்கொண்டு மேசையில் கிடந்தது. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற இந்த ஹிஸ்புல்லா சேருக்குச் சும்மா இருக்க முடியுமா? விடியக்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து, வரம்பு தாண்டினால் கத்தும்படி அதைத் திருப்பி வைத்தார். உலகத்துக் காற்றுக்குப் பாதுகாப்பான அளவு பத்து லட்சம் பங்கில் முந்நூற்றைம்பதாம். வைத்த கையோடு மெசின் வீரிட்டது.

"இப்ப எவ்வளவு இரிக்கி?" என்று கேட்டேன்.

"நானூத்தி இருபத்தஞ்சிக்கும் மேல."

"எங்கட மதுரங்குளியிலயா?"

"முழு உலகத்திலயும்."

"அப்ப ஐநூறுக்கு வைங்களன். வாய மூடும்."

"வரம்ப ஒசத்தினா காத்து நல்லாகுமா மர்ளியா? நாம நிக்காஹ் செஞ்ச காலத்துல முந்நூத்தம்பதுதான் இருந்த. பொறகு ஏறினது ஏறினதுதான்."

ஸஹ்றா எங்கள் கடைக்குட்டி. கம்பஸில் கூடப் படித்த ஃபாஹிமைத்தான் கலியாணம் முடிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவனுடைய வாப்பா முபாரிஸ் ஹாஜியார் பாலாவியில் லொறிகள் வைத்திருப்பவர். அவர் தலையாட்டினால்தான் காரியம் நடக்கும். லொறிக்காரர் வருகிற வீட்டில் புகைக்குக் கத்துகிற மெசினா? இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் திணித்துச் சாத்தினேன். அணைக்கிற விதம் யாருக்குத் தெரியும்? சத்தம் கொஞ்சம் தணிந்தது, அதுவே போதும் என்றிருந்தது.

விருந்தாளிகள் வந்தார்கள். புது ஏசியைப் போட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்தினேன். ஆண்கள் ஆறு பேர் ஒரே பெரிய சோற்றுத் தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார்கள். நானும் ஸஹ்றாவும் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். ஹாஜியார் காதைத் தீட்டினார்.

"உள்ளுக்குப் புள்ள ஏதும் அழுகுதா?"

இவர் சோற்றுக் கையோடு எழும்பிச் சத்தம் வந்த அலுமாரிக்குப் போய், இடது கையால் மெசினை எடுத்து வந்து சஹனுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆயிரத்து நூறு. அது இன்னும் உரத்துக் கத்தியது.

"பயப்படாதீங்க. எல்லாம் நாம உடுற மூச்சுதான்" என்றார்.

அவ்வளவுதான், சஹனைச் சுற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஹாஜியார் கடவாயில் இறைச்சியோடு கன்னத்தை உப்பிக்கொண்டு இருந்தார். கடைசியில் முடியாமல் புஸ்ஸென்று விட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சீதனம் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று ஃபாஹிம் வாப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். வெற்றிலைக்கும் விலை பேசுகிற மனுஷன், சம்பந்தம் பேச வந்த இடத்தில் பேரம் பேச ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். இப்போது முகம் மலர்ந்தது.

"சேர், உங்கட சொல்லு முந்நூத்தம்பது. சாமான் நிக்கிறது ஆயிரத்தி நூறுல. நடுவுல ஒண்டுக்கு வருவோம். எழுநூறு."

"இது பேரம் பேசுற விஷயமில்ல ஹாஜியார்."

"சரி, அறுநூறு."

"முந்நூத்தம்பது."

"உங்கட மொகத்துக்காக ஐநூறு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"முந்நூத்தம்பது."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பேரத்தில் ஒரு படியும் இறங்காதவன் எதிராளியை மதிக்காதவன். ஹாஜியார் சஹனிலிருந்து கையை எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஸஹ்றா என் கையை நசுக்கினாள். பிறகு, யா அல்லாஹ், கூப்பிடுமுன் வரக் கூடாத புள்ள திரையை விலக்கிக்கொண்டு ஆண்களுக்கு நடுவால் நடந்துபோய் ஜன்னல்களைத் தடார் தடாரென்று திறந்துவிட்டாள். களப்புப் பக்கத்து உப்புக் காற்று உள்ளே வந்தது. இலக்கம் சறுக்கியது. எண்ணூறு, அறுநூறு, ஐநூறு.

"மாஷா அல்லாஹ்! வாப்பா எறங்காத எடத்துல மகள் எறக்கிட்டா!" என்றார் ஹாஜியார்.

நானூற்று முப்பதில் நின்றது. கத்தல் மட்டும் நிற்கவில்லை.

"மிச்சத்தையும் எறக்குங்க."

"அது வெளிக்காத்து ஹாஜியார். இனி எறங்காது."

ஹாஜியார் ஜன்னலைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார். "ஊட்டுக்கு ஜன்னலத் தொறந்த. வெளிய உள்ளதுக்கு எதத் தொறக்கிற சேர்?"

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொடுத்த மனுஷன் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாகிவிட்டது. ஹாஜியார் மறுபடி சஹனில் கை வைத்து, நல்ல இறைச்சித் துண்டொன்றை இவர் பக்கம் தள்ளிவிட்டார்.

போகும்போது வேனடியில் நின்று சொன்னார்: "புள்ளைய எங்களுக்குப் புடிச்சிரிக்கி. நிக்காஹ் அண்டைக்கு மட்டும் இத ஐநூறுக்கு வெச்சிடுங்க. ஒரு நாள்தானே சேர்?"

இவர் மெசினைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஜன்னலில் நின்ற ஸஹ்றாவைப் பார்த்தார். வேன் உறுமிக்கொண்டு கரும்புகை கக்கியது. சட்டென்று மெசினைச் சட்டைக்குள் விட்டுக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார். வேன் சந்தி திரும்பும் மட்டும் மற்றக் கையை அசைத்து அசைத்து ஸலாம் சொன்னார். சட்டைக்குள் அது கத்திக்கொண்டே இருந்தது.