நாலு மணிக்கு மழை

மழை எப்போது வரும் என்று எழுதிவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கோதாவரிக் கரையில் எங்கள் நிலக்கரிச் சுரங்கம் வானம் பார்த்துத் திறந்துகிடக்கும் பெரிய குழி. தினமும் காலையில் வானிலை அறிக்கையைப் படித்து, மழை நேரத்தை வேலைத்தாளில் அதற்கென்று உள்ள கட்டத்தில் குறித்து ஷிப்ட் ஆபீஸ் பலகையில் ஒட்டுவேன். லாரிகள் எப்போது மேலேற வேண்டும், குழியின் அடியில் தண்ணீர் இறைக்கும் பம்பை எப்போது கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

லாரிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பஞ்சாங்கம் மேடம் என்பது எனக்குத் தெரியும். மிளகாய் காயப்போட வேண்டும் என்றால் அவர்களே வந்து கேட்பார்கள். பம்பு ஓட்டும் மொகிலி ஒரு படி மேலே. மேடம் எழுதிவிட்டால் போதும், குடை எதற்கு என்பார். எனக்கும் அதில் தலைக்கனம் உண்டு, பொய் சொல்வானேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. 'மதியத்துக்கு மேல் கனமழை வாய்ப்பு' என்றுதான் அறிக்கையில் இருந்தது. அப்படியே எழுதினேன். மேலாளர் நர்சிங் ராவ் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். முந்தின வாரம் இரண்டு தடவை என் பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்தி, ஒரு சொட்டு விழாமல், மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மதியத்துக்கு மேலன்னா எப்ப மேடம், ராத்திரியும் மதியத்துக்கு மேலதான். கட்டம் இருக்கில்ல, மணியப் போடுங்க."

வாதாடியிருக்கலாம். கோபத்தில் நாலு என்று கிறுக்கினேன். ஏன் நாலு? ஒரு காரணமும் கிடையாது. மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும், அதற்குப் பிறகென்றால் யாருக்கும் தொந்தரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கே கொட்டித் தீர்த்தது. கொஞ்ச நேரத்தில் தெற்குப் பக்கத்து மண்மேடு சரிந்து குழிக்குள் இறங்கியது. லாரிக்காரர்கள் தப்பிவிட்டார்கள். அடியில் இருந்த மொகிலியை மறுநாள்தான் எடுத்தார்கள்.

விசாரணையில் 'எதிர்பாராத மழை' என்று எழுதி முடித்தார்கள். படித்தபோது அது பொய் என்று உறைத்தது. பாவி எனக்கு, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் மொகிலியின் மனைவி கனகவ்வாவைப் பார்க்கப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டாள். அன்று மேகம் கறுத்தபோதே கூட வேலைசெய்த சம்மய்யா, மேலே போய்விடலாம் வா என்று கூப்பிட்டாராம்.

"மேடம் நாலுன்னு போட்டிருக்காங்க, இன்னும் நேரமிருக்கு, நீ போன்னு இவரு சொன்னாராம். நீங்க என்ன பண்ணுவீங்க மேடம், வானம் உங்க பேச்சையா கேக்கும்?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நாலு மணி என்று அறிக்கையில் இல்லவே இல்லை, கட்டத்தை நிரப்ப நானாகப் போட்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை.

"தெரியலேன்னு எழுதியிருந்தா, சம்மய்யாவோட அவரும் மேல வந்திருப்பாரே மேடம்" என்றாள்.