பதிவு எண் கட்டிய தட்டு

அல்பேர் முசியே மறுபடியும் வந்து நின்றபோது நான் அவருடைய பழைய செருப்புக்குப் பதிவு எண் கட்டிக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கும் ஓவியரின் செருப்புக்கு எண் கட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் புதுச் செருப்போடு எதிரே வந்து நின்று அதைப் பார்த்துச் சிரிப்பார்.

ஓவியர்கள் அன்றாடம் புழங்கிய பொருள்களைச் சேர்த்துப் பாதுகாப்பது என்று எங்கள் அருங்காட்சியகம் முடிவு செய்ததும், முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். பிரெஞ்சுப் பழக்கத்தில் ஊரே அவரை முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடும். அவர் மனைவி ஏலேனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டை அடைத்துக் கிடந்த குப்பைக்கு இவ்வளவு மரியாதையா! மடக்கு நாற்காலி, கறை படிந்த லுங்கி, டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் அவரே ஆட்டோவில் ஏற்றினார். அந்த ஜோரில் வர்ணம் குழைக்கும் பீங்கான் தட்டும் ஏறிவிட்டது. முசியேயும் பெருமையில் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வீட்டில் ஒரு படம் பாதியில் நிற்கிறது. காலமெல்லாம் குருசுக்குப்பத்துப் படகுகளை வரைந்த மனிதர், மனைவியை ஒரு தடவைகூட வரைந்ததில்லை. மகள் நத்தாலி பிரான்சிலிருந்து போன் போட்டுச் சண்டை பிடித்த பிறகுதான் தொடங்கினார். புடவை முடிந்துவிட்டது, முகம் வரவில்லை. அவர் தட்டைக் கழுவுவதே கிடையாது. அதில் காய்ந்து கிடக்கும் திட்டுகளைப் பார்த்துத்தான் புதிதாகக் குழைப்பார்.

“அவங்க முகத்தப் பாத்தே கலக்கலாமே, முசியே?”

“அவளப் பாத்தா சிரிப்பு வருது சங்கரி. அவளும் சிரிச்சிடறா.”

பதிவான பொருள் வெளியே போகாது, அதன்மேல் புதிதாக எதுவும் படவும் கூடாது. அதனால் அவர் வருவார், தட்டைப் பார்ப்பார், நிறத்தை மனசில் ஏந்திக்கொண்டு போவார். மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் கலைந்துவிடுமாம்.

இந்தத் தடவை பெயின்ட் டியூப்களைக் கூடையில் போட்டுக்கொண்டு ஏலேனும் வந்திருந்தார்.

“இந்த வாரத்துக்கு மேல உக்கார மாட்டேன்னு சொல்லிட்டேன்மா. இடுப்பு விட்டுப்போச்சு. எம் மூஞ்சி இதுல எங்க இருக்குது, காட்டு.”

தட்டை எடுத்து மேசையில் வைத்தேன். முசியே அதன் ஓரத்தில் ஒரு பழுப்புத் திட்டைக் காட்டினார்.

“இதான். கல்யாணமான புதுசுல கலந்தது.”

“எதுக்கு? என்னத்தான் நீங்க வரையவே இல்லியே.”

அவர் தரையைப் பார்த்தார். “எல்லாப் படகுலயும் கொஞ்சம் போட்டேன்.”

ஏலேன் தட்டின்மேல் குனிந்து பார்த்தார். கீழ்க்கூடத்தில் தொங்கும் அந்தப் படகுகளைத் தினமும் பார்க்கிறேன், மரத்தின் நிறம் என்றே நினைத்திருந்தேன்.

ஏலேன் வளையலை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டைத் திட்டின் பக்கத்தில் வைத்தார். நிறம் சேரவில்லை. கை நன்றாகக் கறுத்திருந்தது.

“பாருங்க, இது அந்தப் பொண்ணு. நானில்ல” என்று சிரித்தார். முசியேயும் சிரித்துவிட்டார். ஆனால் கண்ணை எடுக்காமல் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய திட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் காலியிடம் இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

விதியை டைப் அடித்து வாசலில் ஒட்டியவளே நான்தான்.

“கொஞ்சமாப் போடுங்க” என்றேன்.

அவர் டியூபைப் பிதுக்கினார். விரலால் அழுத்திக் குழைத்ததில் தட்டு ஆடியது. ஏலேன் மணிக்கட்டை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். நான் கையுறை போட்ட கைகளால் தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.