ஆடாத கொக்கி

தச்சுப் பட்டறைக்காரி எதை அளந்தாலும், அளவுகோல் என்ன சொல்கிறதோ அந்த அளவுக்கு அந்தப் பொருள் மாறிக்கொள்ளும். பலகை, கதவு, சுவர், ஆள் என்ற பேதமெல்லாம் கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மட்டமான ஸ்கேலால் சாப்பாட்டு மேஜையை அளந்தாள். மேஜை அவள் கண்ணெதிரே அரை விரல் சுருங்கி, ஒன்றும் தெரியாததுபோல நின்றது. அதற்குப் பிறகு அளவுக் கருவி வாங்குவதில் அவளை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தை வைத்து ஒரு கோடு, திருப்பி வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் வாங்குவாள். டேப் என்றால் முதலில் முனைக் கொக்கியை ஆட்டிப் பார்ப்பாள். அது தன் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு, சரியாக ஒரு மில்லிமீட்டர் ஆட வேண்டும். விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும், இரண்டிலும் அளவு தப்பாது. அப்படித் தேடி எடுத்த ஒரே டேப்பால் பதினோரு வருஷம் வேலை செய்தாள். அவள் மாட்டிய கதவு எதுவும் மழைக்காலத்தில்கூட முரண்டு பிடித்ததில்லை.

அவளுடைய தம்பிக்குத் திருப்புளி என்று பட்டப்பெயர். ஒரு பொருள் ஆடினால் அவனுக்குப் பொறுக்காது, இறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. பட்டறைக்காரியின் மகள் தீயணைப்புப் படைக்கு விண்ணப்பித்த வாரம், பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தவன் டேப்பின் கொக்கி ஆடுவதைப் பார்த்துவிட்டான். அக்காவுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். கொக்கி வெளியே வந்த நிலையிலேயே அசையாமல் உட்கார்ந்தது.

படையில் சேர நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர் வேண்டும். மகள் அதற்கு மேல் இரண்டு மில்லி இருந்தாள். எதற்கும் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா கொக்கியைத் தரையில் முட்டி அளந்தபோது ஒரு மில்லி குறைந்தது. மறுநாள் இன்னொரு மில்லி. ராத்திரி கண் விழித்துப் படிக்கிறாய், கூன் போட்டு உட்காருகிறாய், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று மகளை ஒரு பிடி பிடித்தாள். பால் காய்ச்சிக் கொடுத்தாள், மரச்சட்டத்தைப் பிடித்துத் தொங்கவிட்டாள். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பலன் தெரிகிறதா என்று திரும்பத் திரும்ப அளந்தாள். பன்னிரண்டு தடவை அளந்து முடித்தபோது மகள் நூற்று ஐம்பத்தாறில் நின்று அழுதாள்.

உண்மை ஒரு அலமாரியால் வெளிப்பட்டது. உள் அகலத்தை மூன்று முறை அளந்ததில் அலமாரி மூன்று மில்லி ஒடுங்கி, அறுத்து வைத்த தட்டு நுழைய மறுத்தது. பட்டறைக்காரி கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டாள். டேப்பை ஒரு நொடிகூடச் சந்தேகப்படாமல் பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஆடிக்கிட்டே இருந்துச்சுக்கா. நல்லதுதானேன்னு இறுக்கி விட்டேன்” என்றான் திருப்புளி.

“உன் வாயையும் அப்படியே இறுக்கி வெச்சுக்க” என்றாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. சரியான கருவியால் அளந்தால் நூற்று ஐம்பத்தாறு நூற்று ஐம்பத்தாறாகவே நிற்கும். அவளுக்கு வேண்டியது அதிகமாகக் காட்டும் கருவி. வாழ்க்கையில் முதல்முறையாகத் தப்பான அளவுகோல் வாங்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் சோதித்துவிட்டு, சரியாக இருக்கிறது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் பயந்துபோய் உள்ளேயிருந்து லேசர் கருவியைக் கொண்டுவந்தார். அது இன்னும் சரியாக இருந்தது.

மரவாடியில்தான் கிடைத்தது. வாடிக்காரர் அளவு போட்ட இரண்டு மீட்டர் மரக்கோல் ஒன்றை ஊன்றிக்கொண்டே இருபது வருஷமாக நடந்ததில் அதன் அடிமுனை நாலு மில்லி தேய்ந்திருந்தது. பட்டறைக்காரி அதைத் தடவிப் பார்த்து முகம் மலர்ந்தாள். மகளைச் சுவரோரம் நிறுத்தி அந்தக் கோலால் அளந்தாள். நாலு மில்லி வந்தது. மறுபடி நாலு. மூன்றாம் தடவை மகளின் பாவாடை கணுக்காலுக்கு மேலே பழைய இடத்துக்கு ஏறியது.

“இன்னும் ஒரே ஒரு தடவைம்மா. அந்த ஆபீசர் கொஞ்சம் கம்மியா அளந்துட்டா?”

அம்மாவின் கை கோல்மேல் இருந்தது. இன்னொரு தடவை அளந்துவிடத்தான் அவளுக்கும் ஆசை, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டாள்.

“நான் எடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டேன். அதுக்கு மேல வேணும்னா நீயா வளரு. இதுவே அவங்களுக்குப் போதும், பயப்படாம போ.”

மைதானத்தில் அதிகாரி இரண்டு முறை அளந்து, நூற்று ஐம்பத்தேழு புள்ளி இரண்டு என்று எழுதினார். மகள் தேறினாள். சீருடை தைக்க வந்த தையல்காரர் தன் டேப்பை நீட்டி, நீங்களே அளந்து சொல்லுங்களேன் என்றபோது, பட்டறைக்காரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். உங்கள் பெண் எவ்வளவு உயரம் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் அவள் சென்டிமீட்டரில் பதில் சொல்வதில்லை. மூன்றாம் மாடி ஜன்னலுக்கு எட்டுவாள் என்கிறாள்.