மண்ணெண்ணெயில் கலந்தது

வியாழக்கிழமைச் சந்தையில் ஒலிமென் மண்ணெண்ணெய் விற்றுக்கொண்டிருந்தாள். மஞ்சள் கேனிலிருந்து புனல் வழியாகப் பழைய ரம் பாட்டில்களுக்குள் ஊற்றிக் கொடுத்தாள். தலைநகரிலிருந்து டாங்கர் லாரி வந்து மூன்று வாரமாகிறது. ஹைத்தியில் இது புதிதல்ல. கீழே துப்பாக்கிக்காரர்கள் சாலையை மறித்தால் மலையில் இருக்கும் நாங்கள் இருட்டில் உட்கார வேண்டியதுதான். அன்று சந்தையில் எண்ணெய் இருந்தது அவள் ஒருத்தியிடம் மட்டும்தான்.

"என்ன ஒலிமென், இன்னிக்கு வாசம் மூக்கைத் துளைக்குது?" என்றாள் சில்ஃபிடா. வரிசையில் முதல் ஆள். வாயாடுவதிலும் முதல் ஆள்.

"வாசத்துக்குன்னு தனியா காசு கேட்டேனா? பேசாம பாட்டிலைப் பிடி."

வரிசையே சிரித்தது. ஒலிமென் சிரிக்கவில்லை. காலையில்தான் கேனில் பாதிக்குப் பெட்ரோல் ஊற்றிக் கலக்கியிருந்தாள். லாரி டிரைவர் ஒருவன் கொடுத்த யோசனை அது. "ரெண்டும் எரியிறதுதானே அக்கா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றான்.

எரிபவை எல்லாம் ஒன்றாகிவிடுமா? கரி அடுப்புக்கு, மண்ணெண்ணெய் திரிக்கு, பெட்ரோல் இன்ஜினுக்கு. இடம் மாறினால், சோறு பொங்க வைக்கிற அதே சூடு ஆளைப் பொசுக்கிவிடும். பதினொரு வருஷமாக எண்ணெய் விற்கிறவளுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். வெறுங்கையோடு வீடு திரும்பப் பயந்தாள், அவ்வளவுதான்.

மத்தியானம் பைக் டாக்சி ஓட்டும் ஃபெத்னேர் வந்து இறங்கினான். 

"சங்கதி கேட்டீங்களா? பக்கத்து மலையில விளக்கு வெடிச்சிருச்சு. ஒரு பொம்பள விடியக்காலம் ஜெபத்துக்கு எழுந்து ஏத்தினாளாம். முகமெல்லாம் வெந்துபோச்சு. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். வழியெல்லாம் தண்ணி தண்ணின்னா... எண்ணெய்ல எவனோ பெட்ரோல் கலந்திருக்கான்."

ஒலிமெனின் கையிலிருந்த புனல் கீழே விழுந்தது. அது அவள் விற்ற எண்ணெய் இல்லை, ஆனால் கலவை அதேதான். காலையிலிருந்து பதினான்கு பாட்டில் விற்றுப்போய்விட்டது. பதினான்கும் அவளுடைய சொந்த மலைக்குத்தான் போயிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் பால் டப்பாவில் செய்த தகர விளக்கை ஏற்றுவார்கள். அதற்கு இன்னும் நாலு மணி நேரம்கூட இல்லை.

கேனை அப்படியே விட்டுவிட்டு மலை ஏறினாள். ஓடினாள் என்றே சொல்லலாம்.  முதல் வீட்டு வாசலில் நின்றபோது உண்மை தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது. சொன்னால் அடிப்பார்கள், போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்ற பயம்.

"எண்ணெய்ல தண்ணி கலந்துபோச்சு, திருப்பிக் குடுங்க" என்றாள்.

சிலர் கொடுத்தார்கள். சிலர் முறைத்தார்கள். எங்கள் மலையில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் எண்ணெய் வாங்கினால் பக்கத்து வீட்டு விளக்குக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். தானாக ஊற்றாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நல்ல பழக்கம்தான். அன்றைக்கு அந்த நல்ல பழக்கமே அவளுடைய பாவத்தை வீடு வீடாகக் கொண்டுபோயிருந்தது. பதினான்கு வீடு இப்போது நாற்பதா, ஐம்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் இருந்த சில்ஃபிடா பாட்டிலைத் தர மறுத்துவிட்டாள்.

"தண்ணிதானே? அது அடியில தங்கிடும், மேல இருக்கிறது எரியும். ஏன் ஒலிமென், வேற யாராச்சும் அதிகக் காசு குடுக்கிறேன்னாங்களா? என்கிட்டப் புடுங்கி அவங்களுக்கு விக்கப் போறியா?"

"அதெல்லாம் இல்ல சில்ஃபிடா, நான் சொல்றதைக் கேளு..."

"போ போ. புள்ளைங்களுக்கு வெளிச்சம் வேணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓடையைத் தாண்டி எதிர்ச் சரிவில் வியெர்ஜெலாவின் வீட்டுக்கு ஓடினாள். வியெர்ஜெலாவின் மகள் லுனிஸுக்கு ஒலிமென்தான் ஞானத்தாய். அந்த உறவால் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் 'கொமே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒலிமென் வாசலை மிதித்தபோது உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. லுனிஸ் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டுத் தீக்குச்சியைப் பெட்டியில் உரசப் போனாள்.

"வேணாம்டீ!"

கத்திய கத்தலில் குச்சி கீழே விழுந்தது. ஒலிமென் விளக்கை வாரி எடுத்து முற்றத்து மண்ணில் கவிழ்த்தாள்.

"என்ன கொமே இது, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று அடுப்படியிலிருந்து வந்தாள் வியெர்ஜெலா. "மேல நாலு வீட்டுக்கு வேற ஊத்திக் குடுத்திருக்கேன்."

"தண்ணி... தண்ணி கலந்துபோச்சு."

"தண்ணிக்கா இப்படி நடுங்குறே?"

ஒலிமென் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச் சரிவில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அது சில்ஃபிடாவின் வீடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இரண்டு, மேலே ஒன்று. வழக்கமாக மனதுக்கு இதமாக இருக்கும் காட்சி. இப்போது ஒவ்வொரு வெளிச்சத்தையும் அவள் எண்ணினாள்.

"தண்ணி இல்ல கொமே. பெட்ரோல். நான்தான் கலந்தேன். தெரிஞ்சே கலந்தேன்."

வியெர்ஜெலா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.  அவள் புருஷன் டொர்செயுஸ் மூலையிலிருந்து எழுந்து, சுவரில் தொங்கிய சங்கை எடுத்தான். வயல்வேலைக்கு ஆள் கூட்டவும் சாவுச் செய்தி சொல்லவும் ஊதுகிற சங்கு அது. முற்றத்தில் நின்று மூன்று முறை ஊதினான். இரண்டு சரிவிலும் ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"யார் செத்தது?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது.

டொர்செயுஸ் ஒலிமெனைப் பார்த்தான். "நீயே சொல்லு. நான் சொன்னா யாரோ எவனோ வித்த எண்ணெய்னு நினைச்சு உள்ள போயிடுவாங்க. உன் வாயால கேட்டாத்தான் நம்புவாங்க."

ஒலிமென் முற்றத்து விளிம்புக்குப் போனாள். கத்தினாள். சந்தையில் கூவிக் கூவிப் பழகிய தொண்டை அது.

"நான் ஒலிமென்! எண்ணெய்ல பெட்ரோல் இருக்கு! நான்தான் கலந்தேன்! விளக்கு ஏத்தாதீங்க! ஏத்தியிருந்தா தொடாதீங்க, ஊதாதீங்க! புள்ளைங்களைத் தூக்கிட்டு வெளிய ஓடியாங்க!"

திரும்பத் திரும்பக் கத்தினாள். கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களுக்குக் கத்தினார்கள். எதிர்ச் சரிவில் சில்ஃபிடா வீட்டுக்குள் ஓடுவது தெரிந்தது. பாயில் படுத்திருந்த இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்க இடுப்பிலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முற்றத்தைத் தாண்டியிருப்பாள். உள்ளேயிருந்து பொக்கென்று ஒரு சத்தம். கதவிலும் ஜன்னலிலும் நெருப்பு எட்டிப் பார்த்தது. பிறகு கூரை பற்றிக்கொண்டது. மண்வெட்டியும் வாளியுமாக எல்லோரும் ஓடினார்கள். ஒன்றும் மிஞ்சவில்லை.

மற்ற வீடுகள் தப்பின. எரிந்த விளக்குகள் மேல் தூரத்திலிருந்தே மண்ணை அள்ளி வீசி அணைத்தார்கள். மலை முழுக்க இருட்டு.

ஒலிமென் எரிந்த வீட்டின் முன்னால் போய் நின்றாள். அடிக்கட்டும், போலீசைக் கூப்பிடட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் அடிக்கவில்லை. சில்ஃபிடா பிள்ளைகளை இறக்கிவிடாமலே அவளருகில் வந்தாள். வாயாடி அன்று குரலை உயர்த்தவில்லை.

"பெட்ரோல் கலந்தியே, அது பேராசை. லேசுல மன்னிக்க மாட்டேன். ஆனா சாயங்காலம் என் வாசல்ல வந்து நின்னு தண்ணின்னு சொன்னே பாரு, அப்பத்தான்டி என் வீடு எரிஞ்சுது. கொஞ்ச நேரம் முன்னால வாயைத் திறந்து உண்மையைச் சொன்னே, அதுலதான் என் புள்ளைங்க பொழைச்சுதுங்க. நெருப்பை விக்கிறவ பயந்துக்கிட்டு பொய் சொல்லக் கூடாது ஒலிமென். உன் பயத்துக்கு வேகுறது அடுத்தவ புள்ள."