பத்துக்கு ஐந்து

எங்கள் ரக்பி அணியின் முன்வரிசையில் மூன்று பேர். மூவருமே திருடர்கள்தான். ஒவ்வொரு கோடையிலும், ஆட்டங்கள் தொடங்குமுன், டாக்டர் பத்து வார்த்தைகளை வாசிப்பார். நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனை; கோடையில் எடுத்ததைவிட மதிப்பெண் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால் கோடையிலேயே மக்கு மாதிரி நடித்துவிடுவோம். பத்தும் ஞாபகமிருந்தாலும் ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன்; ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் வேண்டுமென்றே தள்ளாடுவேன். இந்தத் தில்லுமுல்லைச் சொல்லித்தந்தவன் மாடோக், நடுவில் நிற்பவன். இரண்டு அணியின் முன்வரிசைகளும் குனிந்து, தலையோடு தலை கோத்துத் தள்ளும்போதெல்லாம், பதினோரு வருடமாக அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் குனிகிறேன்.

போன மார்ச்சில், கிளப்புக்குத் தெரியாமல், கார்டிஃபில் ஒரு நரம்பு மருத்துவரைப் பார்த்தேன். "இன்னும் ஒரு பலமான அடி போதும், பெத்த பொண்ணு பேரே மறந்துடும்" என்றார். என் மனைவி ஹெலெத் காரில் ஏறியதும் அழுதாள்.

"ஒப்பந்தத்துல இன்னும் ஒரே வருஷம்டி. அடிபட்டா டாக்டரே வெளிய அனுப்பிடுவாங்க" என்று சமாதானம் சொன்னேன். என்ன மடத்தனம்!

இந்தச் சனிக்கிழமை முதல் பாதியில் எவனுடைய முழங்காலோ என் காதோரம் இறங்கியது. நடுவர் என்னைச் சோதனைக்கு அனுப்பினார். டாக்டர் ப்ராசர் வார்த்தைகளை வாசித்தார். சத்தியமாக இந்த முறை நான் நடிக்கவில்லை. உயிரைக் கொடுத்துத் தேடினேன்.

"எலுமிச்சை... கம்பளி... ஏணி... மெழுகுவத்தி..." வெகுநேரம் கழித்து, "குதிரை."

அவர் தாளைப் புரட்டினார். "கோடையிலயும் அஞ்சுதான் சொன்னீங்க. ஒத்தக்கால்ல நிக்கறப்பவும் அதே தள்ளாட்டம். நல்லாத்தான் இருக்கீங்க, ஐட்வல். தலை வலிக்குதா?"

வலியா? மண்டை பிளந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் நான் மட்டுமா மாட்டுவேன்? மாடோக்கும், இடப்பக்கம் நிற்கும் டிவ்ரிக்கும் சேர்ந்தே மாட்டுவார்கள். மூன்று பேர் வீட்டு அடுப்பிலும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

"இல்ல டாக்டர்."

என்னைப் போகவிடாதீங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டார்.

மழையில் கூட்டம் என் பெயரைக் கத்தியது. ஓடிப்போய் மாடோக் பக்கத்தில் நின்றேன்.

"வாங்க மாப்பிள்ளை, விருந்து முடிஞ்சுதா?" என்றான்.

"மாடோக், நாம எந்தப் பக்கம்டா தள்ளணும்?"

சிரித்தான். பிறகு என் கண்களைப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோயிற்று. அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நடுவர் நான்கடி தள்ளித்தான் நின்றிருந்தார். மாடோக் கையைத் தூக்கினால் போதும், நான் பிழைத்தேன். தூக்குடா, பாவி, தூக்கு.

அவன் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்தது.

"பேசாத. என்னைப் புடிச்சுக்கோ. நான் தள்ற பக்கம் தள்ளு."

பின்வரிசைக்காரர்களின் தோள்கள் என் இடுப்பில் வந்து முட்டின. நடுவர் குனியச் சொன்னார். குனிந்தேன்.