ஆஸ்டினில் வந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளை அழைப்புக்கு எந்தக் கார் என்பதில் கோவிந்தராஜனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. 1938-இல் அவருடைய அப்பா புதிதாக வாங்கிய கறுப்பு ஆஸ்டினில்தான் அந்த வீட்டு மாப்பிள்ளைகள் வருவார்கள். இரண்டு தங்கைகளின் கணவர்களும் அப்படித்தான் வந்தார்கள். இப்போது மகள் சிந்துவைக் கட்டப்போகும் ஹரிஷ் வேறு வண்டியில் வந்து இறங்கினால், அல்சூரில் அவர் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

ஹரிஷின் அப்பா சுந்தரமோ தம்முடைய 1964 ஃபியட்டைப் பளபளவென்று துடைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, கோயில் வாசலில் ஆஸ்டினுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

“சம்பந்தி, உங்க வண்டி மியூசியத்துக்குத்தான் சரி. திரும்பணும்னா பக்கத்துல கை மாதிரி என்னமோ நீட்டுது. பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?”

“கை காட்டித் திரும்பறது மரியாதைங்க. உங்க வண்டி மாதிரி ரோட்டுல போறவங்களப் பாத்துக் கண்ணடிக்காது.”

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

“என் வண்டி கிளம்பினா எங்கயும் நிக்காது, தெரியும்ல?” என்றார் சுந்தரம்.

“ஊர்வலம்னா முக்குக்கு முக்கு நிக்கணும் சம்பந்தி!”

பேச்சு இப்படி வளர்ந்துகொண்டிருக்க, உள்ளே தாய்மாமன் பழனிச்சாமி ஹரிஷுக்கு ஜரிகைத் தலைப்பாகை கட்டி அழைத்து வந்தார். தாய்மாமன் கட்டியதைச் சத்திரத்து வாசலில் ஆரத்தி சுற்றும்வரை கழற்றக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஹரிஷ் நல்ல உயரம். ஃபியட்டில் ஏறி உட்கார்ந்ததும் கூரை இடித்துத் தலைப்பாகை புருவத்தில் வந்து நின்றது.

“கொஞ்சம் சரிஞ்சு உக்காருடா.”

“இதுக்கு மேல சரிஞ்சா படுத்துக்கணும்பா.”

“கழட்டி மடியில வெச்சுக்கட்டும். இறங்கறப்ப கட்டிக்கலாம்,” என்றார் சுந்தரம்.

“நான் கட்டினதையா? நான் ஊருக்குக் கிளம்பறேன் மச்சான்!” பழனிச்சாமி செருப்பைத் தேடினார்.

கோவிந்தராஜன் ஆஸ்டினின் பின்கதவைத் திறந்து நின்றார். ஹரிஷ் ஏறி உட்கார்ந்தான். தலைப்பாகைக்கு மேலே இன்னும் ஒரு சாண் மிச்சம்.

சுந்தரம் விடவில்லை. “சரி, யாரு ஓட்டறது? நீங்க சத்திரத்து வாசல்ல மாலையோட நிக்கணுமே!”

கோவிந்தராஜனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக அந்த ஸ்டியரிங்கை வேறொருவர் தொட அவர் விட்டதில்லை. கிளட்சை இரண்டு முறை மிதித்தால்தான் கியர் விழும் என்பதே வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. புதிய ஆள் ஓட்டினால் நடுத்தெருவில் கரகரவென்று மானம் போகும்.

அவர் முன்கதவில் கைவைத்ததுமே, “பொண்ணோட அப்பாவே மாப்பிள்ளைக்கு டிரைவரா?” என்றார் சுந்தரம். கூட்டம் கோவிந்தராஜன் முகத்தைப் பார்த்தது.

கோவிந்தராஜன் அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என் வண்டி, என் மாப்பிள்ளை. வாசல்ல இறங்கி, ‘வாங்க’ன்னு கூப்பிடப் போறதும் நான்தான். மேளத்த ஆரம்பிங்க.”

மேளத்தின் நடைக்கு ஆஸ்டின் நகர்ந்தது. முக்குக்கு முக்கு நின்றது, கை நீட்டித் திரும்பியது. சத்திரத்து வாசலில் அவர் எஞ்சினை அணைத்தார். அவசரமில்லாமல் இறங்கி, மனைவி சீதாலட்சுமி ஏந்தியிருந்த தட்டிலிருந்து மாலையை எடுத்து, சுற்றிவந்து பின்கதவைத் திறந்தார்.

“வாங்க மாப்பிள்ளை.”

பின்னாலேயே ஃபியட்டில் வந்திறங்கிய சுந்தரம் அந்த வரவேற்பை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “சம்பந்தி, நாளைக்கு ரெண்டு பேரையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது என் வண்டியிலதான். சொல்லிட்டேன்.”

“அது உங்க வீட்டு மரியாதைங்க,” என்றார் கோவிந்தராஜன். “அதுல நான் குறுக்க வரமாட்டேன்.”