இல்லாத இருபது லிட்டர்

சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துத்தான் இந்த ரேடியோ அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த மாதமே அந்த நினைப்பு போய்விட்டது. கிளம்பட்டுமா, இறங்கட்டுமா என்று அவர்கள் வானத்திலிருந்து கேட்பார்கள், நான் காற்றையும் ஓடுதளத்தையும் பார்த்துப் பதில் சொல்வேன். சின்ன ஓடுதளம். நாலு பேர் உட்காரும் குட்டி விமானங்கள் ஒரு டஜன், தகரக் கொட்டகைகள் மூன்று, ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு கேன்டீன். அந்தக் கேன்டீன் டீயைக் குடித்துப் பழகியவர்கள் வேறு எதற்கும் பயப்பட மாட்டார்கள்.

விமானக்காரர்களில் ஒருவருக்குச் ‘சொட்டு’ என்று பெயர். வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். தலையில் முடியெல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது, பெயர் வந்த காரணம் வேறு. டேங்கில் கடைசிச் சொட்டு இருக்கும்வரை பறப்பார். “பெட்ரோலைச் சுமந்துக்கிட்டுத் திரிய நான் என்ன டேங்கர் லாரியா?” என்பார். மற்றவர்கள் இன்னும் முக்கால் மணி நேரம் பறக்கிற அளவுக்கு மிச்சம் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். இவர் இறங்கியபின் டேங்குக்குள் அளவுகுச்சியை விட்டால் நுனி மட்டும்தான் நனையும். ஒருமுறை ஓடுதளத்திலிருந்து கொட்டகைக்கு வரும் வழியிலேயே இன்ஜின் நின்றுவிட்டது. நாங்கள் நாலு பேர் தள்ளினோம், அவர் உள்ளே உட்கார்ந்து வழி காட்டிக்கொண்டு வந்தார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

அவர் மனைவி பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வருவார், ஆனால் விமானத்தில் ஏற மாட்டார். சீட்டைத் துடைப்பார், கண்ணாடியைத் துடைப்பார், கணவர் பறந்துவிட்டுத் திரும்பும்வரை என் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவையே கேட்டுக்கொண்டிருப்பார். “கொஞ்சம் கூடப் போட்டுக்கிட்டுப் போங்களேன்” என்று அவர் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்குதான். தினம் இருபது பேரை வாயைத் திறக்க வைக்கிறவரால் வீட்டில் ஒரு காதைத் திறக்க முடியவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

குடும்பத்தில் மூன்றாவது ஆள் சொட்டு சாரின் தங்கை. மூன்றாவது கொட்டகையில் விமானக் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறை அவளுடையது. அண்ணன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இங்கே எல்லோருக்கும் அவள் ‘தங்கச்சி’ ஆகிவிட்டாள். அண்ணனுக்குப் புத்தி சொல்வதை என்றைக்கோ கைவிட்டுவிட்டு, போன வருஷம் அவர் விமானத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தினாள். டேங்கில் இருக்கும் மிதவை முள் ஆடிக்கொண்டே இருக்கும், அதை யாரும் நம்புவதில்லை. இந்தப் பெட்டி வேறு மாதிரி. இன்ஜினுக்குப் போகிற குழாயில் நகத்தளவு சக்கரம் ஒன்று இருக்கும். பெட்ரோல் ஓட ஓட அது சுற்றும். ஒரு லிட்டருக்கு இத்தனை சுற்று என்று ஓர் எண்ணைப் பெட்டிக்குள் பதித்துவிட்டால், எரிந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டும். பதித்த எண் சரியாக இருந்தால் பெட்டி சொல்வது சத்தியவாக்கு.

பெட்டி வந்தபின் சொட்டு சார் திருந்துவார் என்று எதிர்பார்த்தோம். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மிச்சம் இவ்வளவுதான் என்று துல்லியமாகத் தெரிந்ததும் அவருக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கேன்டீனில் என் தோளைத் தட்டினார்.

“ரேடியோ, ஒரு ரகசியம் சொல்றேன். என் பெட்டி பொய் சொல்லுது. நூத்திப் பத்து எரிஞ்சுதுங்குது, பம்புல நிரப்பினா நூறுதான் புடிக்குது. அதாவது அது ஜீரோ காட்டினாலும் எனக்கு இன்னும் பத்து லிட்டர் இருக்கு.”

“தங்கச்சிகிட்ட சொல்லிச் சரி பண்ணிக்கங்க, சார்.”

“சொன்னா கழட்டி எடுத்துட்டுப் போய் ஒரு வாரம் வச்சுக்குவா. எதுக்கு? மனசுல பத்தைக் கூட்டிக்கிட்டா போச்சு.”

சில மாதங்களில் அந்தப் பத்து இருபதாகிவிட்டது. “வயசாக ஆகப் பொய் ஜாஸ்தியாவுது” என்று சிரித்தார். இருபது லிட்டர் என்றால் அந்த விமானம் அரை மணி நேரத்துக்கு மேல் பறக்கும். சிரிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் நம்மிடம் ரகசியம் என்று சொன்னதை எதற்கு ஊதிவிட வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இந்த மாதம் அவர்களுடைய மகளுக்குக் காய்ச்சல். வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். ரயிலில் போனால் ஒரு நாள் ஆகும், விமானத்தில் இரண்டு மணி நேரம். டாக்டரம்மா யோசிக்கவே இல்லை, நானும் வருகிறேன் என்று ஏறிவிட்டார். ஞாயிறு காலை இங்கே இரண்டு டேங்கும் நிரம்ப நிரப்பிக்கொண்டு கிளம்பினார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே எனக்குக் கை காட்டினார். பரவாயில்லையே, பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் திரும்பும் வழியில் சொட்டு சாரின் குரல் ரேடியோவில் வந்தது. எதிர்காற்று பலமாக இருக்கிறதாம், இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமாம்.

“அங்க பெட்ரோல் போட்டீங்களா, சார்?”

“இல்ல. பம்புக்காரன் சாப்பிடப் போயிட்டான். பெட்டி பதினாலு காட்டுது. நமக்குத்தான் கணக்குத் தெரியுமே, முப்பத்தி நாலு. தாராளம்.”

வழக்கமான திமிர்தான் என்று மைக்கை வைத்தேன். அப்போது தங்கச்சி இரண்டு டம்ளர் டீயோடு உள்ளே வந்தாள். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

“ரேடியோண்ணே, எங்க அண்ணன் பெட்டியை நேத்து வருஷச் சோதனைக்கு எடுத்தேன். அளவு கேன்ல புடிச்சுப் பார்த்தா தலையே சுத்திருச்சு. உள்ள இருக்கிற எண்ணை யாரோ தாறுமாறா மாத்தி வச்சிருக்காங்க. மிச்சத்தைக் கம்மியாவே காட்டியிருக்கு. இத்தனை நாள் இவர் எப்படித்தான் ஓட்டினாரோ!”

“நீ என்ன பண்ணே?”

“என்ன பண்ணுவேன்? சரி பண்ணி மாட்டிட்டேன். இப்பச் சொட்டுகூடப் பிசகாது.”

“அண்ணன்கிட்ட சொன்னியா?”

“எல்லாம் சரியா இருக்குண்ணான்னு போன்ல சொன்னேனே. ஏன்?”

பதினாலு என்றால் பதினாலுதான். முக்கால் மணி நேரத்துக்கு இருபத்தாறு வேண்டும். நடுவில் ரயில் பாதை, காடு, ஏரி. விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவள் கையிலிருந்த டீ மேஜையில் கொட்டியது, துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மைக்கை எடுத்தேன். “சார், பெட்டியைத் தங்கச்சி நேத்து சரி பண்ணிட்டா. அது காட்டறது நிஜம். உங்ககிட்ட பதினாலுதான் இருக்கு. உங்க இடது பக்கம் பயிருக்கு மருந்து அடிக்கிற விமானங்களோட மண் ஓடுதளம் ஒண்ணு இருக்கு, பத்துப் பன்னண்டு நிமிஷம். அங்க இறங்கிடுங்க.”

அவர் சிரித்தார். “ரேடியோ, ஒரு வருஷமா நான் பம்புல அளந்து பார்த்த கணக்கு இது. ஒரே நாள்ல மாறிடுமா?”

தங்கச்சி மைக்கைப் பிடுங்கினாள். “அண்ணா, நான்தான் சொல்றேன். சரியா இருக்கு. சொன்னாக் கேளுண்ணா!”

“போன வருஷம் மாட்டினப்பவும் சரியா இருக்குன்னுதாம்மா சொன்ன. அப்புறம்தானே பொய் சொல்ல ஆரம்பிச்சுது. உன் பெட்டி குணம் எனக்குத் தெரியும்.”

போன வருஷமும் அவள் சரியாகத்தான் பொருத்தியிருந்தாள். அது எப்படிக் கெட்டது என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைச் சொல்லி, தெரியும் என்று நினைக்கிற ஆளை எப்படி நம்ப வைப்பது? மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்டது. பேசி முடித்தவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தார். அதனால் உள்ளே அவர்கள் பேசியது எங்களுக்கும் கேட்டது, அந்த நேரத்தில் வானத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“அது பெட்டியோட குணம் இல்லைங்க.” டாக்டரம்மாவின் குரல். “நான் மாத்தினது.”

“என்னது?”

“நீங்க குப்பையில போட்ட கையேட்டை எடுத்துப் படிச்சேன். ரெண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினா அந்த எண் வருது. சீட்டு துடைக்க உள்ள உக்காரும்போது மாத்திட்டேன். கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால வைக்கிற மாதிரி. முதல்ல பத்து லிட்டர்தான் வச்சேன். அதை நீங்க கண்டுபிடிச்சு வீட்டுல வந்து பெருமையடிச்சீங்க. அதனால இருபதாக்கினேன்.”

“அடிப்பாவி.”

“அவ சரி பண்ணியிருந்தா அந்த இருபது இல்லைங்க. திருப்புங்க. தயவுசெஞ்சு திருப்புங்க.”

இரைச்சல் நின்றது. அவர் குரல் மறுபடி வந்தது, சிரிப்பெல்லாம் போயிருந்தது. “இடது பக்கம் திரும்பறேன். அந்த மண் தளத்துல காற்று எப்படின்னு சொல்லு.”

சொன்னேன். அப்புறம் காத்திருந்தோம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றி விவரமாக எழுத எனக்கு விருப்பமில்லை. இறங்கியாச்சு என்று ஒரே வார்த்தை வந்தது. தங்கச்சி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

என் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டு, ஜீப்பில் இரண்டு கேன் பெட்ரோலோடு அவளும் நானும் புறப்பட்டோம். வழியெல்லாம் “நான் சரியாத்தானே பண்ணேன், ரேடியோண்ணே?” என்றே கேட்டுக்கொண்டு வந்தாள். சரிதான்மா, சரிதான்மா என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். தப்பு என்று அவளிடம் எதைச் சொல்வது?

நாங்கள் போனபோது விமானம் வரப்போரத்தில் நின்றிருந்தது. சொட்டு சார் காவல்காரரிடம் மஞ்சள் பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றை வாங்கி, இறக்கைக்கு அடியில் இருக்கும் குழாயைத் திறந்து, டேங்கில் இருந்ததை முழுக்க அதில் பிடித்து வைத்திருந்தார். குளிக்கிற பக்கெட்தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வீட்டுக்கு வந்து சேர அதைப் போல மூன்று மடங்காவது வேண்டியிருந்திருக்கும். அதன் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அவர் மனைவியும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள்.

“வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றார் அவர், பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே.

“கல்யாணமான நாள்லருந்து வாயாலதான் சொன்னேன்.”

அவர் பக்கெட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவர் தோற்றுப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் முறை. சந்தோஷப்பட வேண்டியவன் நான், ஆனால் சந்தோஷம் வரவில்லை.

தங்கச்சி மண்டியிட்டு அண்ணியின் தோளைப் பிடித்தாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணி?”

“உங்கிட்ட சொன்னா நீ சரி பண்ணிடுவியே.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் பேச்சை மாற்றுவதற்காகக் கேன்களை இறக்கி வைத்தேன். உள்ளே இருந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. “எல்லாம் போகட்டும் சார், எதிர்காற்றுன்னு தெரியும், கூட வீட்டுக்காரம்மா இருக்காங்க. பம்புக்காரன் சாப்பிட்டு வர்ற வரைக்கும் இருந்து நிரப்பிக்கிட்டு வந்தா என்ன கொறைஞ்சுடும்? இன்னைக்குமா உங்க வீராப்பு?” என்று கேட்டேவிட்டேன்.

பதில் டாக்டரம்மாவிடமிருந்து வந்தது.

“அவரைச் சொல்லாதீங்க. நீ இருக்கே, இன்னைக்கு நிரப்பிக்கிட்டே போகலாம், காத்திருப்போம்னுதான் சொன்னார். இத்தனை வருஷத்துல முதல் தடவை. நான்தான், அந்த இருபதை நம்பி, இருக்கிறது போதும், கிளம்புங்கன்னேன்.”